பத்து பேருக்கு அனுப்புங்கன்னு ஒரு மெயில் வந்தா முதல்ல எங்க பாக்கணும்

இந்த மாதிரி மெயிலை உங்களுக்கு அனுப்புறவர் ஏமாத்துக்காரர் இல்லங்க, அத முதல்ல மனசுல வாங்கிக்கங்க. அனுப்புறது உங்க சித்தப்பா, பழைய ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருந்தவர், காலேஜ்ல கூடப் படிச்ச ஃப்ரெண்டு, இவங்கதான், அதுவும் உங்க மேல இருக்கற அக்கறைல அனுப்புறாங்க. அதனாலதான் "தெரியாதவங்க சொன்னா நம்பாத"ன்னு நாம வளர்த்து வச்சிருக்கற பழக்கம் இங்க சுத்தமா வேலை செய்யாது. முகம் தெரியாதவன் லாட்டரி விழுந்திருக்குன்னு அனுப்பினா டிலீட் பண்ணிடுவோம், அதே மெயில் நம்ம மாமா வழியா வந்தா உக்காந்து முழுசா படிப்போம். அதனால யாரு அனுப்பினாங்கன்றத ஒதுக்கி வச்சிட்டு மெயிலோட உடம்பப் பாக்கக் கத்துக்கணும். அதுக்குத்தான் இத எழுதுறேன்.

அமெரிக்க எரிசக்தித் துறைல சி.ஐ.ஏ.சி.ன்னு ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்புக் குழு இருந்துச்சு. நிஜ வைரஸை சமாளிக்கறத விட பொய் வைரஸ் எச்சரிக்கைக்கு மறுப்பு சொல்றதுலதான் எங்களுக்கு அதிக நேரம் போகுதுன்னு 90கள்லயே சொன்னவங்க அவங்க. இந்த மாதிரி மெயில் எல்லாத்துலயும் மூணு பாகம் இருக்குன்னு அவங்க பிரிச்சுக் காட்டினாங்க: ஆள இழுக்கற தூண்டில், அப்புறம் ஒரு மிரட்டல், கடைசில ஒரு வேண்டுகோள். நம்ம ஊர்ல போஸ்ட் கார்டும் நோட்டீஸும் சுத்தின காலத்த யோசிச்சுப் பாருங்க, அச்சு அசல் இதேதான். சாமி மகிமை தூண்டில், கிழிச்சுப் போட்டவருக்கு வியாபாரம் நொடிச்சுதுன்றது மிரட்டல், இத்தன பேருக்கு எழுதிப் போடுங்கன்றது வேண்டுகோள். சாமிக்கு பதிலா ஹார்ட் டிஸ்க், புற்றுநோய் வந்த குழந்தை, பில் கேட்ஸ்னு மாறிச்சு, மத்தபடி ஒண்ணும் மாறல.

அதனால நான் சொல்ற முதல் வழி, மெயிலை கடைசிலேர்ந்து படிங்க. தூண்டில் மேல இருக்கும், அது உங்க மனச கலக்கறதுக்குன்னே எழுதினது, அதுலேர்ந்து ஆரம்பிச்சா கீழ வரும்போது நீங்க பாதி ஒத்துக்கிட்டிருப்பீங்க. நேரா அடிக்குப் போய் "தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா மிச்சத்த சந்தேகத்தோடயே படிங்க. பேங்க், ஆஸ்பத்திரி, நாசா, போலீஸ் யாரா இருந்தாலும் சொல்ல வேண்டியத அவங்க சைட்ல போடுவாங்க, பேப்பருக்கு அறிக்கை குடுப்பாங்க, உங்க அட்ரஸ் புக்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நீங்களே அனுப்பி வைங்கன்னு கேக்க மாட்டாங்க.

இப்ப சில நிஜ கேஸ் பாப்போம், ஏன்னா ஒவ்வொண்ணும் வேற வேற இடத்துல ஆளக் கவுத்துச்சு.

1994 கடைசில "குட் டைம்ஸ்"னு ஒரு எச்சரிக்கை கிளம்புச்சு. குட் டைம்ஸ்னு தலைப்பு போட்டு மெயில் வந்தா படிக்காதீங்க, படிச்சாலே ஹார்ட் டிஸ்க் அழிஞ்சிடும்னு. அன்னைக்கு மெயில்னா வெறும் எழுத்து, எழுத்தப் படிக்கறதால எந்த ப்ரோக்ராமும் ஓடாது. ஆனா எச்சரிக்கைல எஃப்.சி.சி.யே சொல்லிச்சுன்னு இருந்துச்சு, ப்ராசசர் ஒரு முடிவில்லாத பைனரி லூப்ல மாட்டிக்கும்னு அர்த்தமில்லாத டெக்னிகல் வார்த்தையும் இருந்துச்சு. எஃப்.சி.சி. அமெரிக்காவுல ரேடியோ, டிவி, ஃபோன் விஷயத்தப் பாக்கற அமைப்பு, வைரஸ் எச்சரிக்கை குடுக்கறது அவங்க வேலையே இல்ல. பேர் பெருசா இருந்தா போதும்னு எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஸோ, ஒரு பெரிய பேரப் பாத்தா அந்த அமைப்பு இந்த வேலையப் பாக்கற அமைப்புதானான்னு ஒரு கேள்வி கேட்டுக்கங்க. குட் டைம்ஸ்னு ஒரு வைரஸே கிடையாது, ஆனா அந்த எச்சரிக்கை வருஷக்கணக்கா சுத்துச்சு, கம்ப்யூட்டர் ஆளுங்க அந்த எச்சரிக்கைதான் வைரஸ்னே சொன்னாங்க. அது சரியான பேச்சு, ஒவ்வொரு மனுஷனும் தன் கையால அத காப்பி பண்ணி பரப்பினான்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட கெட்டிக்காரத்தனமா எழுதப்பட்டது கரடி பொம்மை மெயில்தான், 2002ல வந்தது. இத கொஞ்சம் நிதானமா பாக்கணும். மெயில் என்ன சொல்லுதுன்னா, என் அட்ரஸ் புக்ல வைரஸ் புகுந்திருக்கு, உங்க பேரும் அதுல இருக்கறதால உங்களுக்கும் வந்திருக்கும், மன்னிச்சுக்கங்க. நார்ட்டன், மெக்காஃபின்ற ஆன்டி வைரஸ் ரெண்டும் கண்டுபிடிக்காது, 14 நாள் சும்மா இருந்துட்டு அப்புறம் சிஸ்டத்த நாசம் பண்ணும். இருக்கான்னு பாக்க, ஸ்டார்ட்ல போய் ஃபைன்ட் குடுத்து ஜே.டி.பி.ஜி.எம்.ஜி.ஆர். டாட் இ.எக்ஸ்.இ.ன்னு தேடுங்க. சின்ன கரடி பொம்மை படத்தோட ஒரு ஃபைல் வரும். திறக்காதீங்க, டிலீட் பண்ணுங்க, ரீசைக்கிள் பின்லயும் காலி பண்ணுங்க, அப்புறம் உங்க அட்ரஸ் புக்ல இருக்கற எல்லாருக்கும் சொல்லுங்க.

தேடிப் பாத்தவங்களுக்கு கரடி நெசமாவே இருந்துச்சு! சாம்பல் கலர்ல குட்டிக் கரடி, மெயில்ல சொன்ன மாதிரியே. ஏன்னா அது அன்னைக்கு விண்டோஸ் கூடவே வந்த ஃபைல், ஜாவான்ற ப்ரோக்ராம் மொழில எழுதினதுல தப்பு கண்டுபிடிக்க உதவற மைக்ரோசாஃப்ட்டோட டீபக்கருக்கானது, அதோட ஐகானே கரடி பொம்மைதான். கம்ப்யூட்டர் வாங்கின நாள்லேர்ந்து உள்ளயே கெடந்துச்சு, யாரும் அந்த ஃபோல்டர்குள்ள போய்ப் பாத்ததில்ல. இப்ப யோசிங்க, சும்மா நம்பினவங்க இல்ல இவங்க, சொன்னத சரி பாத்தவங்க. சரி பாக்கற வழியையும் அந்த மெயிலே குடுத்துச்சு, அந்த வழில போனா ஆமான்ற பதிலத் தவிர வேற பதிலே வராது. ஆன்டி வைரஸ் கண்டுபிடிக்காதுன்னு முன்னாடியே சொல்லி வச்சதால அதுல ஸ்கேன் பண்ணி ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் மெயில் சொன்னது உண்மைதான்னு ஆயிடுது. 14 நாள்னு சொன்னதால இப்ப கம்ப்யூட்டர் நல்லா ஓடறதும் சாட்சியாயிடுது. நல்ல வேளையா அந்த ஃபைல் போனா சாதாரணமா யூஸ் பண்றவங்களுக்கு பெருசா நஷ்டம் இல்ல, ஜாவா எழுதுறவங்க சில பேருக்குத்தான் தேவை. இதுக்கு முந்தின வருஷம் இதே டிசைன்ல எஸ்.யு.எல்.எஃப்.என்.பி.கே.ன்னு ஒரு ஃபைலைக் காட்டி ஒரு மெயில் சுத்துச்சு, அதுவும் விண்டோஸோட சொந்த ஃபைல்தான்.

இதுலேர்ந்து எடுத்துக்க வேண்டிய வழிமுறை என்னன்னா, மெயிலுக்குள்ள இருக்கற சோதனைய வச்சு மெயிலைச் சோதிக்காதீங்க. உள்ள இருக்கற லிங்க், உள்ள இருக்கற ஃபோன் நம்பர், "நீங்களே செஞ்சு பாருங்க"ன்னு இருக்கற டெஸ்ட், எதுவும் வேண்டாம். வெளில வந்து தனியா தேடுங்க. அந்த ஃபைல் பேர சர்ச்ல போட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல விஷயம் தெரிஞ்சிருக்கும். இன்னொண்ணு, அப்ப வேலை செய்யற நல்ல கம்ப்யூட்டர் எதையாவது ஒண்ண எடுத்து அதுலயும் அதே ஃபைல் இருக்கான்னு பாத்திருக்கலாம், கடைல புதுசா இருக்கற மெஷின்லயே இருக்குன்னா அது வைரஸா இருக்க முடியாதுல்ல.

எழுத்து மெயிலைப் படிச்சா ஆபத்துன்றது பொய்யா இருந்தாலும் அட்டாச்மென்ட்ட திறந்தா ஆபத்துன்றது நெசம், இத குழப்பிக்காதீங்க. 2000 மே மாசம் ஐ லவ் யூன்னு தலைப்போட வந்தது நிஜ வைரஸ், காதல் கடிதம்னு நினைச்சு அட்டாச்மென்ட்ட க்ளிக் பண்ணவங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அவங்க அட்ரஸ் புக்ல இருக்கற எல்லாருக்கும் அந்த வைரஸ் தானா போச்சு. அதுக்கு உங்க உதவி ஒரு க்ளிக்தான், யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணச் சொல்லி அது கெஞ்சல.

அடுத்து செவ்வாய் மெயில். இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா இத யாரும் கெட்ட எண்ணத்துல எழுதின மாதிரி தெரியல. 2003 ஆகஸ்ட் 27ஆம் தேதி செவ்வாய் பூமிக்கு 5 கோடியே 57 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல வந்துச்சு, ஏறக்குறைய 60,000 வருஷத்துல அவ்வளவு கிட்ட வந்ததில்ல. இது சத்தியமான செய்தி. அப்ப சுத்தின மெயில்ல, 75 மடங்கு பெருசாக்கிக் காட்டற டெலஸ்கோப்ல பாத்தா வெறுங்கண்ணுக்கு பௌர்ணமி நிலா தெரியற அளவுக்கு செவ்வாய் தெரியும்னு இருந்துச்சு. அதுவும் சரிதான். ஆனா அந்த வரி ரெண்டா உடைஞ்சு, டெலஸ்கோப் சமாச்சாரம் ஒரு பத்தில நின்னுடுச்சு, நிலா அளவுக்கு வெறுங்கண்ணுக்குத் தெரியும்ன்றது அடுத்த வரில தனியா ஆரம்பிச்சுது. கை மாற மாற முன்பாதி போயிடுச்சு. அப்புறம் வருஷமும் போயிடுச்சு, ஆகஸ்ட் 27 மட்டும் நின்னுடுச்சு. ஒவ்வொரு ஆகஸ்டும் "ரெண்டு நிலா தெரியும், குழந்தைங்களுக்குக் காட்டுங்க, இனிமே யாரும் உயிரோட இருக்கறப்ப பாக்க முடியாது"ன்னு வர ஆரம்பிச்சுது, நாசா 2005லயே இது பொய்னு சொல்லியும் நிக்கல, இப்ப வாட்ஸாப்ல வருது.

இத வீட்லயே கணக்கு போட்டு உடைக்கலாம், இந்தப் பழக்கத்த நீங்களும் பண்ணிக்கங்க. நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. செவ்வாய் நிலாவ விட குறுக்களவுல ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் கம்மி. அப்ப அது நிலா சைஸுக்குத் தெரியணும்னா சுமார் ஏழரை லட்சம் கிலோமீட்டர்ல வந்து நிக்கணும். 5 கோடியே 57 லட்சம் எங்க, ஏழரை லட்சம் எங்க! இன்னொரு வழியும் இருக்கு, செவ்வாய் பூமிக்குக் கிட்ட வர்றதே சுமார் 26 மாசத்துக்கு ஒரு தடவைதான், வருஷா வருஷம் ஆகஸ்ட்ல வர வாய்ப்பே இல்ல.

கணக்குன்னதும் பில் கேட்ஸ் மெயில் ஞாபகம் வருது, 1997லேர்ந்து விதவிதமா வந்துச்சு. ஒரு வெர்ஷன்ல, மைக்ரோசாஃப்ட் ஒரு மெயில் ட்ராக்கிங் டெஸ்ட் பண்ணுது, நீங்க அனுப்பற ஒவ்வொருத்தருக்கும் 245 டாலர் உங்களுக்கு வரும்னு இருந்துச்சு. நானே வக்கீல், சட்டம் தெரியும், இது நெசம்னு நடுவுல ஒருத்தர் சர்டிஃபிகேட் வேற. ஒருத்தர் 10 பேருக்கு அனுப்பறார்னு வைங்க, ஆறாவது கை மாறும்போது 10 லட்சம் பேர், 24 கோடியே 50 லட்சம் டாலர். எட்டாவதுல 10 கோடி பேர், 2,450 கோடி டாலர். எந்தக் கம்பெனி குடுக்கும்? அது போக, அந்த வெறும் எழுத்து மெயிலை நீங்க யாருக்கு ஃபார்வர்ட் பண்றீங்கன்னு எழுதினவருக்குத் தெரிய வழியே இல்ல. இந்த பெருக்கல் ஆசை இமெயிலுக்கு முந்தினது, 1935ல அமெரிக்காவுல டென்வர்ல ஆறு பேர் லிஸ்ட்ல முதல் ஆளுக்கு 10 சென்ட் அனுப்பு, உனக்கு 1,562 டாலர் 50 சென்ட் வரும்னு செயின் லெட்டர் கிளம்பி ஊர் போஸ்ட் ஆபீஸே திணறிப் போச்சு.

குழந்தை மெயில்கிட்ட வரும்போதுதான் நிறைய பேருக்கு மனசு வராது. நோய் வந்த குழந்தைன்னு படிச்சப்புறம் டிலீட் பண்றது பாவம்னு தோணும், அந்த உணர்ச்சிய நான் மதிக்கறேன். அதனால க்ரெய்க் ஷெர்கோல்ட் கதையத் தெரிஞ்சுக்கங்க. இங்கிலாந்துப் பையன், சின்ன வயசுல மூளைல கட்டி, வாழ்த்து அட்டைல கின்னஸ் சாதனை பண்ணணும்னு 1989ல வேண்டுகோள் போச்சு. நெசமான பையன், நெசமான நோய், 1991க்குள்ள 3 கோடிக்கு மேல அட்டை வந்துச்சு. ஜான் க்ளூகின்ற அமெரிக்கப் பணக்காரர் செலவு பண்ணி 1991ல வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரில ஆபரேஷன் நடந்து பையன் பொழச்சான், வளர்ந்து பெரியவராகி 2020 வரைக்கும் இருந்தார். ஆனா வேண்டுகோள் நிக்கல. பேர் எழுத்து மாறிச்சு, வாழ்த்து அட்டை விசிட்டிங் கார்டா மாறிச்சு, நோய் வந்த குழந்தைங்க ஆசைய நிறைவேத்தி வைக்கற, இதுக்கு சம்பந்தமே இல்லாத மேக் எ விஷ் அமைப்பு பேரும் ஒட்டிக்கிச்சு, அவங்க தயவு செஞ்சு அனுப்பாதீங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு. சாகக் கெடக்கற சிறுவன்னு மெயில்ல இருந்தவர் நல்லா நடமாடிக்கிட்டிருந்தார். ஆக, உதவி கேட்டு எது வந்தாலும் தேதி தேடுங்க. "நேத்து", "இந்த வாரம்", "உடனே ரத்தம் தேவை"ன்னு இருந்து தேதி இல்லன்னா அது எந்த வருஷத்து நேத்துன்னு யாருக்கும் தெரியாது. ரத்தம் கேட்டிருந்தா ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் போடுங்க, நம்பர ஆஸ்பத்திரி சைட்லேர்ந்து எடுத்து.

பெருமைய வச்சு வர்றதுலயும் நம்ம ஆளுங்க நிறைய விழறாங்க. ஜன கண மனவை உலகத்துலயே சிறந்த தேசிய கீதம்னு யுனெஸ்கோ அறிவிச்சிடுச்சுன்றது இமெயில் காலத்துலேர்ந்தே வருது, யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கல. தீபாவளி ராத்திரி விண்வெளிலேர்ந்து நாசா எடுத்த இந்தியான்னு கலர் கலரா ஒரு படம் வருமே, அது தீபாவளி படமே கிடையாது. கடல், வானிலை விஷயத்தப் பாக்கற அமெரிக்காவோட நோவா அமைப்புல இருந்த விஞ்ஞானி ஒருத்தர் பல வருஷ சாட்டிலைட் தகவல ஒண்ணு மேல ஒண்ணு வச்சு செஞ்சது, எந்தெந்த ஊர்ல எந்த வருஷத்துக்கப்புறம் விளக்கு கூடிச்சுன்னு காட்ட நீலம், பச்சை, சிவப்புன்னு வேற வேற கலர் குடுத்தார். 2012ல நாசா நிஜ தீபாவளி ராத்திரி படத்தையே போட்டு, அன்னைக்குக் கூடற வெளிச்சம் மேலேர்ந்து பாத்தா தெரியாத அளவுக்குக் கம்மின்னு சொல்லிச்சு. படத்துக்கு வழி சுலபம், கூகுள்ல அந்தப் படத்தையே ஏத்தித் தேடுங்க, பழைய இடம் வந்துடும்.

படிச்சவங்க ஏன் விழறாங்கன்னு கேட்டா, புத்தி கம்மியால இல்ல. "பொய்யா இருந்தா ஒண்ணும் நஷ்டமில்ல, உண்மையா இருந்தா ஒருத்தர் பொழப்பார்"ன்ற கணக்குதான். அந்தக் கணக்கு தப்பு, நஷ்டம் இருக்கு. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல அத்திமூர்ல, கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கறவங்கன்னு நினைச்சு கும்பல் அடிச்சதுல 65 வயசு அம்மா செத்துப் போனாங்க, குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்ததுதான் காரணம். வடக்கேலேர்ந்து பிள்ளை பிடிக்கற கும்பல் வந்திருக்குன்னு அந்த நேரத்துல வாட்ஸாப் முழுக்க ஃபார்வர்ட் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஜாக்கிரதையா இருங்கன்னு அக்கறையா அனுப்பினவங்கதான் அதுல பெரும்பாலும். அதே வருஷம் ஜூலைலதான் வாட்ஸாப் இந்தியாவுல ஒரு தடவைக்கு 5 பேருக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாம வச்சுது. மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம், அத உண்மைக்கான அடையாளமா எடுத்துக்காதீங்க.

சரி, பெரியப்பா குடும்ப க்ரூப்ல போட்டுட்டார், என்ன பண்றது? க்ரூப்லயே "இது ஃபேக்"னு போடாதீங்க, பெரியவர் மானம் போனா அடுத்த தடவை உங்க பேச்சு காதுல ஏறாது. தனியா கூப்பிடுங்க. "பெரியப்பா, நீங்க அனுப்பினதப் பாத்தேன், எங்க மேல அக்கறைலதான் போட்டிருக்கீங்க, ஆனா இது பழசு, இதோ அவங்களே மறுத்திருக்காங்க பாருங்க"ன்னு சொல்லி லிங்க அனுப்புங்க, க்ரூப்ல அவரே திருத்திப் போடட்டும். அவர் போட்டா பத்து பேர் நம்புவாங்க, நீங்க போட்டா சண்டைதான் வரும். பாதி பேர் சந்தோஷமா திருத்துவாங்க, சில பேர் "எதுக்கும் இருக்கட்டும்"பாங்க, அவங்ககிட்ட வாதாட வேண்டாம், அடுத்த தடவ அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ காட்டுங்கன்னு மட்டும் கேட்டு வைங்க.

நீங்களே அனுப்பிட்டீங்கன்னா, அனுப்பின அதே ஆளுங்களுக்கு திருத்தம் அனுப்புங்க, பழைய மெயிலை கீழ ஒட்டாதீங்க, ஏன்னா திருத்தத்த விட்டுட்டு பழசையே மறுபடி எடுத்து அனுப்பற ஆளுங்க இருக்காங்க. முதல் வரிலயே உண்மை என்னன்னு எழுதிடுங்க. மெயில்னா எல்லார் அட்ரஸையும் பி.சி.சி.ல போடுங்க, அதுல போட்டா ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்குத் தெரியாது, டூல போட்டீங்கன்னா உங்க சொந்தக்காரங்க அட்ரஸ் அத்தனையும் அடுத்தடுத்த ஃபார்வர்ட்ல கூடவே போகும், கடைசில ஸ்பாம் அனுப்பறவன் கைல கிடைச்சா அவனுக்கு ரெடிமேட் லிஸ்ட். பழைய மெயில் எதையாவது ஃபார்வர்ட் பண்ணியே ஆகணும்னா மேல தொங்கற அட்ரஸ் வரிசைய முதல்ல டிலீட் பண்ணிட்டு அப்புறம் சென்ட் அமுக்குங்க.